மீன் மூலையை மீட்கும் விதம்: சென்னையும் யாழ்ப்பாணமும்

செல்லப்பிராணிக் கடை ஒன்றில் கவனிப்பு குறைந்தால் அது முதலில் தெரியவரும் இடம் மீன்பகுதி. நாய்த் தீவனம் மூட்டையில் கிடந்தாலும் விலைபோகும். பறவைக் கூண்டைத் தினமும் ஒருமுறை துடைத்தால் போதும். தொட்டியை இரண்டு வாரம் விட்டுவிட்டால் கண்ணாடியில் பாசி படரும், பஞ்சு வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கப்பிகளின் வால் நைந்து போகும். உயிரோடிருக்கும் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பத்துத் தொட்டிகளில் மூன்று இப்படியானால், வாங்க வருபவர் மீதி ஏழையும் நம்பமாட்டார். பகுதி கடையின் பின்பக்கம் நகரும், விளக்கு அணையும், கொஞ்ச நாளில் அங்கே அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படும்.

இப்படிப் பாழான மீன்பகுதிகளைத் தூக்கி நிறுத்தும் முயற்சிகளைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கவனித்து வந்திருக்கிறேன். வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: தொட்டியைச் சுத்தம் செய்து, நீரைப் பக்குவப்படுத்தி, பொறுத்திருந்து, பிறகு மீனை இறக்குவது. அந்தப் பொறுத்திருத்தலை ஊர் எப்படிக் குலைக்கிறது, எப்படிக் காக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சென்னையில் அதைக் குலைப்பது கொளத்தூர். நாட்டின் பெரிய வண்ணமீன் மையங்களில் ஒன்று அது. வீட்டு மாடிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் மோலி, கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று வளர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். முன்பு சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் தீயில் அழிந்தது. மீனும் பறவையும் தேடி நகரம் அன்று அங்கே போனது, இன்று வண்ணமீன் என்றாலே கொளத்தூர். இப்படி ஒரு சந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும் பேறு. ஆனால் மீன்பகுதியைத் திரும்ப எழுப்புகிறவருக்கு அதுவே சோதனையாகிவிடுகிறது. செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரம் புதியதை இறக்குவது அவ்வளவு மலிவு, அவ்வளவு சுலபம். ஏன் செத்தது என்று கேட்க அவசியமே வருவதில்லை. நோயுள்ள தொட்டியில் நல்ல மீன் விழும், அதுவும் நோயாகும், மறுபடி சந்தைக்கு வண்டி போகும். பல கடைகளில் நலிவு வருடக்கணக்கில் நீடிப்பதற்குக் காரணம் மீன் தட்டுப்பாடு அல்ல, மீன் தாராளமாகக் கிடைப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குப் பெரும்பாலான மீன் கொழும்புப் பக்கமிருந்து வரவேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். ஒரு பெட்டி வீணானால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே இறக்குமுன் யோசிக்கிறார்கள். இறந்த மீனின் செவுளைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ட அளவுக்குச் சென்னையில் நான் கண்டதில்லை.

காத்திருப்பு ஏன் தேவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மீன் வெளிவிடும் கழிவு அமோனியாவாகிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் குடியேற வேண்டும். புதிதாகக் கழுவிய தொட்டியில் அவை இல்லை. நம் வெப்பத்தில்கூட அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காற்றுக்குழாய் ஓட, மீனில்லாத தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீவனம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாடகை ஏறிக்கொண்டிருக்கும் கடையில் விளக்கெரியும் காலித் தொட்டியை ஒரு மாதம் வைத்திருப்பது எளிதல்ல. “என்னண்ணே, தொட்டியெல்லாம் சும்மா ஓடுது?” என்று சென்னையில் கேட்பார்கள். “என்ன அண்ணை, இன்னும் மீன் வரேல்லையோ?” என்று யாழ்ப்பாணத்தில் கேட்பார்கள். சென்னைக்காரர் கூச்சப்பட்டு அன்று மாலையே நாலு பை மீன் வாங்கிவந்து கொட்டிவிடுவார். யாழ்ப்பாணத்தில் “வரும், இருங்கோ” என்று சொல்லிச் சமாளிக்க முடிகிறது. பொருள் வரத் தாமதமாவது அங்கே யாருக்கும் புதிதில்லை.

நல்ல தொட்டியிலிருந்து பழைய பஞ்சை எடுத்துப் புதியதில் போட்டால் காலம் குறையும். அது சொந்தத் தொட்டியாக, நோயில்லாததென்று தெரிந்த தொட்டியாக இருக்க வேண்டும். இன்னொரு கடையின் பஞ்சோடு வெள்ளைப்புள்ளி நோயும் சேர்ந்து வரும்.

நீர் விஷயத்தில் கடல் ஒரு எல்லையே அல்ல. யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையில் தங்கும் கிணற்று நீர்தான். கடினமானது, காரத்தன்மை உள்ளது. சென்னையின் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் கடினமானதே. மோலிக்கும் கப்பிக்கும் இந்த நீர் சொர்க்கம். ஆனால் கொழும்பில் களனி ஆற்றிலிருந்து வரும் மென்னீரில் பழகிய டெட்ராவை யாழ்ப்பாணக் கிணற்று நீரில் அப்படியே கொட்டினால் அது அதிர்ந்துபோகும். இதைத் தலைகீழாகப் பார்க்கக் கோயம்புத்தூர் போக வேண்டும். கொளத்தூரின் கடின நீரில் வளர்ந்த மோலி சிறுவாணியின் மென்னீர் ஓடும் கடைக்குப் போனால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் அதை நோயென்று நினைத்து மருந்தை ஊற்றுவார். தேவைப்படுவது தாது உப்புகள்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உரம் அதிகம் இடப்பட்ட தோட்டங்களிலிருந்து நைட்ரேட் கசிந்து பல கிணறுகளில் சேர்ந்திருக்கிறது. தொட்டியில் நைட்ரேட் கூடிவிட்டதென்று பாதி நீரை மாற்றுகிறவர், கிணற்றிலிருந்தே மறுபடி நைட்ரேட்டை ஊற்றிக்கொண்டிருக்கக்கூடும். அங்கே பகுதியை எழுப்புகிறவர் தொட்டியைச் சோதிப்பதற்கு முன் கிணற்றைச் சோதிக்க வேண்டும். மாரி மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்வது நல்ல வழி. சென்னையில் குழாய் நீர் எடுப்பவர் கவலைப்பட வேண்டியது குளோரின் பற்றி. ஒரு நாள் காற்றோட்டத்தோடு வைத்தாலே போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ படிகம் இருக்கிறது.

மீன் வந்திறங்கும் நேரத்தில்தான் இலங்கையிடம் நாம் கற்க வேண்டியது அதிகம். அந்த நாடு பல பத்தாண்டுகளாக வண்ணமீன் ஏற்றுமதி செய்கிறது. நன்னீர் வகையில் கப்பிக்கு அதில் பெரிய இடம். ஐரோப்பாவுக்குப் பறக்கும் மீன் வழியில் செத்தால் பணம் வராது. அதனால் பொதி கட்டும் ஒழுங்கு அங்கே ஊறிவிட்டது: அனுப்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திக் குடலைக் காலியாக்குவது, இரட்டைப் பை, ஆக்சிஜன், ரிஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி, அதற்கும் முன்னால் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணிப்பது. ஏற்றுமதிப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பிக் கடை வைத்தால் இந்தப் பழக்கமும் கூடவே வருகிறது.

பயணப் பையில் நடப்பது இது. மீன் மூச்சுவிட விட கரியமில வாயு சேர்ந்து நீரின் அமில-கார அளவு (பி.எச்) இறங்கும். அமோனியா சேர்ந்தாலும் அந்த நிலையில் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்தால் வாயு வெளியேறும், பி.எச் ஏறும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச் 7-லிருந்து 8-க்குப் போனால் நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஆகவே நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் மிதக்கவிடுவது கருணையல்ல. மூடிய பையை வெப்பம் சமமாகும்வரை மிதக்கவிட்டு, திறந்ததும் மீனைச் சீக்கிரம் வெளியே எடுத்து, பை நீரைக் கொட்டிவிட வேண்டும். பைக்குள் வந்த நீரின் தன்மையை முன்பே கேட்டறிந்து, இறக்கும் தொட்டியை அதற்கு நெருக்கமாகத் தயார்செய்து வைப்பதே சரியான முறை. கொளத்தூரிலிருந்து அரை மணியில் வரும் பைக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டு, ஆம்னி பஸ்ஸில் இரவெல்லாம் வந்த தெர்மாகோல் பெட்டியையும் மதுரையிலும் நெல்லையிலும் அதே மாதிரி பிரிக்கிறார்கள். காலையில் இறக்கி மாலையில் விற்கவும் செய்கிறார்கள். தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்த பிறகே விற்பது என்ற ஒரே விதியைத் தமிழ்நாட்டுக் கடைகள் ஏற்றுக்கொண்டால் பாதி நோய் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகாது.

கருவிகளைப் பொறுத்தவரை 2022 இலங்கைக்குக் கடுமையான பாடம். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. மூடிய குடுவை வடிகட்டிகளில் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் செத்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் பாய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் தாங்கக்கூடியது சாதாரணப் பஞ்சு வடிகட்டியும், மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பும், குறைவாக மீன் விட்ட தொட்டியும்தான். இன்வெர்ட்டர் இருக்கும் தைரியத்தில் தொட்டியை நெருக்கி நிரப்பும் சென்னைக் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜன் தானாகவே குறைந்துவிடுகிறது. எல்லாத் தொட்டியையும் ஒரே பெரிய வடிகட்டியில் இணைப்பதும் இப்போது பரவுகிறது. பார்க்க அழகு, ஒரு தொட்டியின் நோய் எல்லாவற்றுக்கும் போக ஒரே இரவு போதும். நலிந்த பகுதியை மீட்கும்போது ஒவ்வொரு தொட்டிக்கும் தனிப் பஞ்சு, தனி வலை என்று வைப்பதையே நான் சொல்வேன்.

இவ்வளவு சொன்னதால் இலங்கையை உயர்த்திப் பிடிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். கொளத்தூரில் இருப்பதும் யாழ்ப்பாணத்தில் இல்லாததும் ஒன்று உண்டு: அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்கள். உள்ளூர் நீரிலேயே பிறந்து வளர்ந்த கப்பியும் மோலியும் பயணத்தையும் நீர்மாற்றத்தையும் சந்திப்பதில்லை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் குட்டிபோடும் மீன்களுக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்க, அவற்றைக்கூடக் கொழும்பிலிருந்து வரவழைப்பது வருத்தமான விஷயம். இலங்கையின் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை வண்ணமீன் வளர்ப்பை ஊக்குவித்து வருகிறது. கடைக்காரர் தம் பின்வளவில் நாலு சிமெண்டுத் தொட்டி வைத்தாலே தொடங்கிவிடலாம்.

சட்டத்தில் இலங்கையின் பிடி இறுக்கம். 1996-ன் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி செய்யக்கூடாத இனங்களுக்கும் கட்டுப்பாடுள்ள இனங்களுக்கும் பட்டியல் உண்டு. விலங்கியலாளர் தெரணியகல 1929-ல் விவரித்த செர்ரி பார்ப் மீன் இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளுக்கே உரியது. இன்று பல நாட்டுப் பண்ணைகளிலும் பெருகுகிறது. ஓடையில் பிடித்ததை விடுத்துப் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குவது கடைக்காரரின் கையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ‘மிஸ் கேரளா’வுக்கும் இது பொருந்தும், அது ஆற்றிலேயே அழியும் நிலையிலுள்ள மீன். இந்தியாவில் மீன்கடைகளுக்கென 2017-ல் வந்த விதிகள் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, பறவைகளைப் பேசுகின்றன, மீனைப் பேசவில்லை. எனவே இங்கே ஒழுங்கு கடைக்காரரின் மனசாட்சியோடு நிற்கிறது. சாயம் ஏற்றிய டெட்ராவை வாங்கமாட்டேன் என்று சொல்ல எந்த அதிகாரியும் தேவையில்லை.

மீட்ட பகுதியில் எதை விற்பதில்லை என்பதும் முக்கியம். விரல் நீளத்தில் விற்கும் டேங்க் கிளீனர் மீன் ஒன்றரை அடிக்கு வளரும். வளர்த்தவர் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார். இலங்கை நீர்த்தேக்கங்களிலும் தென்னிந்திய ஏரிகளிலும் அது பெருகி வலைகளைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. அதை விற்காமல் விடுவது ஒரு வழி. விற்றுத்தான் ஆகவேண்டுமென்றால், வளர்ந்த மீனைத் திரும்பக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாகத் தொட்டியின்மேல் எழுதி ஒட்டி, அதற்கென்று ஒரு பெரிய தொட்டியைக் கடைக்குள் ஒதுக்கிவைக்க வேண்டும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியே 190 லிட்டர் பிடிக்கும், நீர் மட்டுமே அவ்வளவு கிலோ கனம் இருக்கும். இது அதைவிடப் பெரியதாக வேண்டும் என்பதால், அடுக்குச் சட்டத்தில் ஏற்றாமல் தரையோடு சேர்த்துக் கட்டுவது நல்லது. திரும்பி வரும் மீனும் புது மீனைப் போலவே இரண்டு வாரம் தனியே இருக்க வேண்டும்.