நிலக்காட்சியும் அதில் இடம்பெறாதவர்களும்

‘லேண்ட்ஸ்கேப்’ என்ற ஆங்கிலச் சொல்லை மனிதக் கை படாத இயற்கைக்கு மறுபெயராக வழங்குவது இன்று பரவலாகிவிட்டது. சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் டச்சு ஓவியர்களிடமிருந்து தொழிற்சொல்லாக அது இங்கிலாந்துக்கு வந்தது. முதலில் குறித்தது திணைநிலத்தையோ காட்டையோ அல்ல, தீட்டிய படத்தை. கண்முன் விரியும் நிலப்பரப்பு என்ற பொருள் பிறகு சேர்ந்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இரண்டு பொருளையும் தருகிறது.

18ஆம் நூற்றாண்டில் படம் நிலத்தை ஆளத் தொடங்கியது. கிளாட் லொரைனின் ஓவியங்களில் மயங்கிய பிரபுக்கள் தங்கள் பண்ணைகளையும் அவற்றைப் போலவே திருத்தினார்கள். டார்செட்டில் மில்டன் பிரபு, மாளிகையை ஒட்டியிருந்த சிற்றூரையே இடித்துக் குடிகளைக் கண்ணில் படாத பள்ளத்தாக்குக்கு மாற்றினார். வை ஆற்றுப் பயணத்தைப் பற்றி 1782இல் நூல் வெளியிட்ட வில்லியம் கில்பின், டின்டர்ன் மடத்தின் இடிபாடுகளைச் சுத்தியலால் இன்னும் சற்று உடைத்தால் அழகு கூடும் என்று கருதியவர். அவர் வளர்த்த ரசனையில் ஊறிய பயணிகள், மலைக்கு முதுகைக் காட்டி நின்று, சாயமேற்றிய குவிகண்ணாடியில் அதன் பிம்பத்தை ரசித்தார்கள்.

இந்தப் பார்வைக்கு மிக வலுவான மறுப்பு, நிலத்தில் கூலிவேலை செய்த ஜான் கிளேரின் கவிதைகளில் இருக்கிறது. நார்த்தாம்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்தவர் அவர். 1809இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவ்வூரின் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்க வழிசெய்தது. கிளேரின் முதல் தொகுப்பு 1820இல் வந்தது. அதில் செல்வத்தைச் சபிக்கும் வரிகளை நீக்கும்படி புரவலர் ராட்ஸ்டாக் பிரபு வற்புறுத்த, பின்வந்த பதிப்பில் அவை காணாமல் போயின. கிளேர் மேட்டில் நின்று நிலத்தை அளப்பதில்லை. பறவைக்கூடு, களைச்செடி, நடைபாதை, மறிக்கப்பட்ட வழி என அருகிலிருந்தே பார்க்கிறார். எதையும் பின்னணியாக ஒதுக்குவதுமில்லை. 1864இல் மனநலக் காப்பகத்தில் இறந்த அவரை இலக்கிய வரலாறு நெடுங்காலம் ‘உழவர் கவி’ என்ற அலட்சியமான அடைமொழியோடு ஓரத்தில் வைத்தது.

20ஆம் நூற்றாண்டு இதைத் திருத்த முயன்றது. இங்கிலாந்தின் நிலத்தோற்றம் தலைமுறைகளின் உழைப்பால் உருவானது என்பதை டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1955இல் விரிவாக எழுதினார். ஜேம்ஸ் தாம்சன் போன்ற கவிஞர்கள் உயரத்திலிருந்து நிலத்தை ஒழுங்குபடுத்திப் பார்த்ததற்குக் கிளேரின் பார்வை எப்படி மாறுபட்டது என்பதை ஜான் பேரல் 1972இல் காட்டினார். உழைக்கும் ஊர் அநேகமாக ஒருபோதும் நிலக்காட்சி ஆவதில்லை என்ற வாதத்தை அடுத்த ஆண்டே ரேமண்ட் வில்லியம்ஸ் முன்வைத்தார்.

ஆகவே ‘லேண்ட்ஸ்கேப்’ என்பது நிலத்தின் இயல்பைவிட, அதைப் பார்ப்பவரின் நிலையையே அதிகம் சொல்லும் சொல். அதை இயற்கைக்கு மறுபெயராக்கும் விமர்சனம், பிரபுக்களின் பார்வையையே அறியாமல் இரவல் வாங்குகிறது. ஆங்கில நிலக்காட்சிக் கவிதையின் வரலாற்றைக் கிளேரை நடுவில் வைத்தே எழுத வேண்டும்.