இரணைமடு மறுத்தது, வீராணம் கொடுத்தது

இலங்கையின் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2010-இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் அனுமதித்தது. கேட்டது நாளொன்றுக்கு 27,000 கன மீட்டர். குளம் நிறைந்தால் சுமார் 13 கோடி கன மீட்டர் பிடிக்கும். வருடம் முழுக்க ஒருநாள் விடாமல் எடுத்தாலும் பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கிளிநொச்சி விவசாயிகளான கமக்காரர்கள் முடியாது என்றார்கள். திட்டம் நின்றது.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள வீராணம் ஏரியின் கணக்கு இதற்கு நேர்மாறு. ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 2004-இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டரைச் சுமார் 230 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு அனுப்புவது. ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் 2.3 டி.எம்.சி. வரும். நிறைந்த ஏரியை ஒன்றரைத் தடவை வடித்தால்தான் அவ்வளவு கிடைக்கும். இங்கே எந்தத் தடையும் நிற்கவில்லை, குழாய் போய்ச் சேர்ந்தது.

கொஞ்சம் கேட்ட இடத்தில் மறுப்பும், நிறையக் கேட்ட இடத்தில் இசைவும் ஏன்? பாதிக் காரணம் இயற்கை. வீராணத்துக்குப் பின்னால் காவிரி இருக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருடத்தில் பலமுறை ஏரியை நிரப்ப முடியும். இரணைமடுவுக்கு இருப்பது கனகராயன் ஆறும் வடகீழ்ப் பருவமழையும்தான். அந்த மழை பொய்த்தால் அடுத்த மாரிவரை காத்திருக்க வேண்டும். மாரிக்காலப் பயிரான காலபோகம் மழையோடு ஒருவாறு ஒப்பேறிவிடும். கோடைப் பயிரான சிறுபோகம் முழுக்கக் குளத்தை நம்பியது. நகரத்து அதிகாரி நிறைகுளத்தை வைத்துப் பங்கு சொல்கிறார். கமக்காரர் பார்ப்பது சித்திரை மாதத்துக் குளத்தை. குளக்கட்டை இரண்டடி உயர்த்தித் தருகிறோம் என்றார்கள் திட்டக்காரர்கள். கட்டை உயர்த்தலாம், மழையை யார் உயர்த்துவது?

மீதிப் பாதி அமைப்பு சார்ந்தது. இலங்கையின் பெருங்குளங்களில் ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்புகள் எல்லோரும் இருப்பார்கள். வாய்க்கால் துப்புரவு எப்போது, முதல் தண்ணீர் எந்தத் திகதியில், கால்நடைகளை எப்போது அகற்றுவது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்ப்பார்கள். எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாதபோது பங்கு பிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சண்டை சச்சரவுக்குக் குறைவில்லை. ஆனால் குளத்தில் இன்று எவ்வளவு இருக்கிறது, அது யாருக்குப் போகிறது என்பதை வாயால் சொல்லிக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தீட்டப்பட்ட திட்டத்தை அவர்கள் எதிர்த்து நின்றதற்கு இந்தப் பழக்கமும் காரணம் என்பேன். 2013-இல் தேர்தலோடு வந்த வடக்கு மாகாண சபையும் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

கடலூர் மாவட்டத்தில் பாசனதாரர்களுக்கு மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் உண்டு. மனு கொடுக்கலாம், பேசலாம். தண்ணீர் திறப்பு அரசாணைப்படி நடக்கும். மலர் தூவித் திறந்து வைப்பார்கள். 2004-க்கு முன்பு பாதியில் நின்றுபோன பழைய வீராணம் திட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டு அரசியலில் பேசாதவர் இல்லை. ஒப்பந்தம், ஊழல் புகார், அதை விசாரித்த சர்க்காரியா கமிஷன், சாலையோரம் கிடந்து ஏழைகளுக்கு வீடாகிப்போன ராட்சதக் குழாய்கள் எல்லாம் பேச்சில் அடிபட்டன. ஏரியை நம்பியிருக்கும் சுமார் 45,000 ஏக்கர் ஆயக்கட்டு அந்தப் பேச்சில் ஓரத்துக்குக்கூட வரவில்லை. குழாய் போட்டுவிட்டால் அதைக் காலியாக விடக்கூடாது என்பதே நிர்வாகத்தின் கவலையாகிவிடுகிறது. ஏரி வறண்ட காலங்களில் நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து நிலத்தடி நீரையும் அதே குழாயில் ஏற்றினார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தபோது, எங்கள் ஊருக்கே பற்றாக்குறை என்ற குரல் வேலூர் பக்கம் எழுந்ததும், உள்ளூரைக் கேட்காமல் நீரெடுக்கும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இதனால் இரணைமடு வென்றது, வீராணம் தோற்றது என்று எழுதிவிட முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் கிணற்று நீரே கதி. அதில் உரத்தின் நைத்திரேற்று ஒருபுறம், உப்பு ஒருபுறம். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த கொடுமையும் நடந்தது. இப்படிப்பட்ட ஊர் மாற்று வழிக்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தது. 2024 ஆகஸ்டில்தான் தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறைய வேண்டும், அந்தச் செலவு வருடா வருடம் தொடரும்.

அங்கேயும் பிரச்சினை ஓயவில்லை. கடலில் விடப்படும் உவர்நீரால் மீன்பாடு குறையும் என்று அந்தக் கரையிலுள்ள வடமராட்சி கிழக்கு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சென்னைக்குத் தெற்கே நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கடலரிப்பைக் காட்டிக் குறை சொல்லிவருகிறார்கள். வயல்காரர் தப்பிய சுமை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கமக்காரருக்கு இருப்பது போல, கணக்குப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டம் மீனவருக்கு இரண்டு நாட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

குடிநீருக்கே முதலிடம் என்று இந்தியாவின் தேசிய நீர்க்கொள்கை 2002-லேயே சொல்லிவிட்டது. அதை யாரும் மறுக்கவில்லை. கிளிநொச்சிக்காரரும் குடிநீர் கூடாது என்று சொல்லவில்லை, பஞ்ச வருடத்தில் எங்கள் சிறுபோகம் என்னாகும் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கடன் கையெழுத்தாவதற்கு முன்பே பதில் எழுதிக் கொடுத்திருந்தால் இரணைமடுவிலேயே ஓர் இணக்கம் வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் ஊருக்கு வேறோர் ஊரின் ஏரியிலிருந்து குழாய் வருகிறது என்று அறிவிப்பு வந்தால், நீர்மட்டம் எத்தனை அடிக்குக் கீழே போனால் பம்பை நிறுத்துவார்கள், அன்று அந்த ஊர் வயலுக்கு நட்டஈடு யார் தருவார்கள் என்று கேளுங்கள். அந்த ஊர்க்காரர்களை மட்டும் கேட்கவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.