அழுகை என்று பெயர் பெற்ற இசை

ஓர் இசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம் பங்குகளில் ஆண்டுதோறும் எழுகிறது. தேர்பவனிக்குப் பேண்டு வாத்தியம் வேண்டுமா, நாதஸ்வரமும் தவிலும் வேண்டுமா என்று விழாக் குழு கூடிப் பேசும்போது ஒரு சாரார் பேண்டு அந்நிய நாட்டுச் சரக்கு என்பர். மறு சாரார் நாதஸ்வரம் நம் ஆலயத்துக்கு உரியதன்று என்பர். இரு சாராரும் கருவியைப் பற்றியே வாதிடுகின்றனர். அக்கருவியை ஊதுகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்பார் இல்லை. இந்த வாதத்தை வேறொரு கோணத்திலிருந்து நோக்குவதற்குப் பிரேசில் நாட்டின் இசை வகை ஒன்று நமக்குத் துணை செய்யும். அதன் பெயர் ஷோரோ.

பெயர் நமக்குப் புதிது. ஆனால் அப்பெயரைத் தந்த மொழி நமக்குப் புதியதன்று. குருசு, பாஸ்கு, பாதிரியார் என்று நம் முன்னோர் வழங்கிய சொற்கள் போர்ச்சுக்கீசியர் வாய்வழியே வந்தவை. வாஸ்கோ டகாமா 1498இல் கள்ளிக்கோட்டையில் கரையேறினார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1500இல், கப்ரால் தலைமையிலான போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் பிரேசில் கரையைக் கண்டன. ஒரே நாட்டு மாலுமிகளும் மறைப்பணியாளர்களும் இரு திசைகளிலும் சென்றனர். அவர்கள் மொழியில் ஷோரோ என்றால் அழுகை. இப்பெயர் எப்படி வந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. உருக்கமாக வாசிக்கும் முறையினால் வந்தது என்போர் உண்டு. பழைய ஊதுகருவிக் குழுவினரின் பெயர் மருவியது என்போரும் உண்டு. வியப்பு என்னவெனில், இந்த இசையின் பெரும்பகுதி துள்ளலும் வேகமும் நிறைந்தது. அழுகை என்று பெயர் சூடிக்கொண்டு சிரித்து விளையாடும் இசை இது.

இது பிறந்த இடம் ரியோ டி ஜெனிரோ நகரம். காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஐரோப்பாவிலிருந்து போல்கா என்னும் நடன இசை 1845இல் அந்நகர அரங்கிற்கு வந்து சேர்ந்தது. செல்வர் மாளிகைகளில் பியானோவில் ஒலித்த அதனை, அஞ்சலகத்திலும் சுங்கத்துறையிலும் சிறு ஊதியத்திற்கு உழைத்தவர்கள் மாலை வேளைகளில் தங்கள் வீட்டு முற்றத்தில் வாசிக்கத் தொடங்கினர். அவர்களில் பலர் ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள். ஒரு புல்லாங்குழல், ஒரு கிட்டார், கவாக்கின்யோ என்னும் நான்கு தந்திகள் கொண்ட சிறு கிட்டார் ஆகியவையே தொடக்க காலக் கச்சேரிக்குப் போதுமானவையாக இருந்தன. மெட்டு ஐரோப்பாவினுடையது, அதன் தாள எடுப்போ ஆப்பிரிக்காவினுடையது. அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் சற்றே முந்தியும் பிந்தியும் விழும் அந்த நடை, மாளிகை நடனத்தை வேறொன்றாக மாற்றிவிட்டது. புல்லாங்குழல் மேலே பறக்க, கிட்டாரின் தடித்த தந்திகள் கீழே தங்களுக்கென ஒரு தனி வழி வகுத்துக்கொண்டு அதனோடு உரையாடும். முதற்பகுதி நம் பல்லவியைப் போல மீண்டும் மீண்டும் திரும்பி வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வாசிப்பவர் தம் கற்பனையால் அதைப் புதிதாக்குவார். மேசையைச் சுற்றி வட்டமாக அமர்ந்து வாசிப்பதே அவர்கள் வழக்கம். அந்த வட்டத்தில் புதியவருக்கும் இடம் உண்டு. ஆனால் கூட வாசிப்பவர்களுக்குச் செவிகொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜோவாக்கிம் கலாடோ என்னும் குழலிசைக் கலைஞர் 1870 அளவில் அமைத்த குழுவே இவ்வகைக்கு முன்னோடி என்பர். அவர் 1880இல் முப்பத்திரண்டு வயது நிறையுமுன் இறந்தார். அவரோடு பழகிய ஷிக்கின்யா கொன்சாகா (1847–1935) என்னும் பெண்மணி, கணவரைப் பிரிந்து, பியானோ கற்பித்துப் பிழைத்து, இசை நடத்துநராக உயர்ந்தவர். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்ற அவர் தம் இசைப் படைப்புகளை விற்று வந்த பணத்தால் அடிமையாக இருந்த இசைக்கலைஞர் ஒருவரின் விடுதலையை வாங்கினார். அனக்லெட்டோ டி மெதெய்ரோஸ் (1866–1907) விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணின் மகன். ரியோ நகரத் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் குழுவை 1896இல் அமைத்து நடத்தியவர் அவரே. நம் திருவிழாக்களில் காணும் அதே பித்தளைக் கருவிகளைக் கொண்டு அவர் ஷோரோவை வீதியெங்கும் ஒலிக்கச் செய்தார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மூன்று இனங்கள் இனிதே கலந்து இந்த இசை பிறந்தது என்று எழுதுவது பிரேசிலில் பழகிப்போன ஒரு வழக்கம். கேட்க இனிமையான கூற்றுதான். ஆனால் அது முழு உண்மையன்று. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13ஆம் நாள்தான். கலாடோ குழல் வாசித்த ஆண்டுகளில் அதே நகரத்தில் மனிதர் விற்கப்பட்டனர். பிஷின்கின்யா என்று அழைக்கப்பட்ட பெருங்கலைஞரும் அவர் குழுவினரும் 1922இல் பாரிசு நகரம் சென்றபோது, கறுப்பர்கள் பிரேசிலின் முகமாக வெளிநாட்டில் நிற்பதா என்று அந்நாட்டுப் பத்திரிகைகளிலேயே சிலர் சினந்து எழுதினர். இசை கலந்துவிட்டது, மனிதர் கலக்க மறுத்தனர். ஓர் இசையைப் போற்றும்போது அதைப் படைத்தவர்களின் முதுகில் விழுந்த சவுக்கடியை மறைத்துவிட்டால் அந்தப் போற்றுதல் பொய்யாகிவிடும்.

அந்தப் பிஷின்கின்யாவின் முடிவு நம் உள்ளத்தைத் தொடுவது. 1973 பிப்ரவரி 17ஆம் நாள், ரியோவின் இப்பனேமா பகுதியிலுள்ள அமைதியின் அன்னை ஆலயத்தில், ஒரு குழந்தையின் திருமுழுக்கில் ஞானத்தந்தையாக நிற்க வந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். அவர் பிறந்த நாள் எனக் கருதப்பட்ட ஏப்ரல் 23, பிரேசிலின் தேசிய ஷோரோ நாளாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பின்னாளில் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தபோது, அவர் பிறந்தது 1897 மே 4 என்று தெரியவந்தது. ஒரு நாடே கொண்டாடிய தேதியை ஒரு பழைய பதிவேட்டின் ஒற்றை வரி திருத்தியது. பதிவேட்டின் இந்த ஆற்றலை நினைவில் வைத்துக்கொண்டு நம் மண்ணுக்குத் திரும்புவோம்.

இன்றைய ஷோரோவில் தாளத்திற்கு வாசிக்கப்படுவது பந்தெய்ரோ. வட்டச் சட்டத்தில் தோல் கட்டி, ஓரத்தில் உலோகச் சில்லுகள் கோத்த சிறு பறை அது. அதன் உடன்பிறப்பு நம் புதுக்கோட்டையில் வளர்ந்தது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்தி, ஒரு சோடிச் சில்லு கோத்த கஞ்சிராவே அது. பஜனைகளிலும் நாட்டுப்புறப் பாடல்களிலும் வழங்கிவந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை என்றும் அவரை எழுதுவர். இடது கையில் ஏந்தும் அச்சிறு கருவி, அவராலும் அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளையாலும் (1875–1936) மிருதங்கத்தோடு சரிநிகராக உரையாடும் தகுதி பெற்றது.

அந்நியக் கருவிகளை ஏற்பதிலும் நம் மண் பின்தங்கியதில்லை. இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கையில் எடுக்கும்வரை அது வெள்ளையரின் கருவி. அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் பக்திப் பாடல்கள் யாத்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் அவற்றைச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். கிளாரினெட் என்னும் ஐரோப்பியக் குழலைத் தமிழ்க் கமகங்களுக்குப் பழக்கிய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ரியோவின் முற்றங்களில் நிகழ்ந்ததும் தஞ்சையிலும் திருச்சியிலும் நிகழ்ந்ததும் ஒரே வகை வேலைதான். ஒரு கருவி எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பதைக் கொண்டு அதன் ஊரை முடிவு செய்ய இயலாது. எவர் கையில், எவர் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் அது பயன்பட்டது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அவ்வளவில், நான்கு தலைமுறைகளாக நம் புனிதர்களின் தேருக்கு முன் நடந்து, நம் இறந்தோரின் பெட்டிக்கு முன்னும் நடந்த பேண்டு வாத்தியம் அந்நியம் என்பது பொருந்தாது.

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறேன். தட்சிணாமூர்த்தி பிள்ளை மறைந்த அதே 1936ஆம் ஆண்டில், ரியோவில் அலெக்சாந்த்ரே கொன்சால்வெஸ் பிந்தோ என்னும் முதிய தபால்காரர் ஒரு நூல் வெளியிட்டார். தாம் இளமையில் கூட இருந்து வாசித்த பழைய ஷோரோ கலைஞர்கள் நூற்றுக்கணக்கானோரை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து எழுதினார். இவர் அஞ்சலகத்தில் பணியாற்றினார், இன்ன கருவி வாசித்தார், விருந்து என்றால் முதல் ஆளாக வருவார், நல்ல நண்பர் என்ற போக்கில் அமைந்த சிறு குறிப்புகள். மொழிப் பிழைகள் மலிந்த நூல் அது. இலக்கிய நயம் தேடுவோர் ஏமாறுவர். எனினும், ஷோரோவின் வரலாற்றை ஆய்வோர் எவரும் அந்தத் தபால்காரரைத் தாண்டிச் செல்ல முடியாது. பெரும் இசை மேதை வில்லா-லோபோஸ் 1920களில் ஷோரோ என்ற பெயரிலேயே பல உயர்ந்த படைப்புகளை இயற்றினார். அவை உலக அரங்குகளில் ஒலிக்கின்றன. ஆயினும் இந்த இரண்டில் எது பெரிய தொண்டு என்று என்னைக் கேட்டால், தபால்காரரின் பக்கமே நான் நிற்பேன். மேதை இல்லாவிடினும் இசை இருந்திருக்கும். தபால்காரர் இல்லாவிடில் அந்த எளியோர் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. 2024 பிப்ரவரியில் பிரேசில் அரசின் மரபுரிமை நிறுவனம் ஷோரோவை அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. அந்தப் பெருமையின் அடித்தளத்தில் ஒரு தபால்காரரின் நினைவுக் குறிப்புகளும் கிடக்கின்றன.

நம் பக்கம் என்ன நிலை? புதுக்கோட்டைச் சீமையில், குடுமியான்மலைப் பாறையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுவரங்கள் வரிசை வரிசையாகக் கல்லில் நிற்கின்றன. அவற்றைப் பாடிய மாணவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. கஞ்சிராவில் மேடையேறியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. மேடை ஏறாதவர்களோ பெயரின்றி மறைந்தனர். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் இருப்பது நம் மாவட்டத்தில்தான். அப்பெருமகனாரைப் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு. அத்தகைய பழம்பங்குகளின் பாஸ்கு நாடகத்திற்கும் தேர்பவனிக்கும் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்களைப் பற்றி நம்மிடம் என்ன உண்டு?

திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22ஆம் நாள் வெளியிட்ட இசை பற்றிய ஆணையில், ஆலயத்தினுள் பேண்டு வாசிப்பதையும் பறை போன்ற கருவிகளையும் விலக்கினார். வெளியே நடக்கும் பவனிகளில் ஆயரின் இசைவோடு பேண்டு வாசிக்கலாம் என்றார். வழிபாட்டின் அமைதியைக் காக்க எழுந்த அந்த ஆணைக்கு அதற்குரிய நியாயம் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணித்தது. கருவிகளுக்குக் கதவு திறந்துவிட்டது. கருவியாளர்களுக்கு? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த அவர்கள் தேர் நிலைக்கு வந்ததும் கூலியை எண்ணிக்கொண்டு இருளில் நடந்துவிடுகின்றனர். சில ஊர்களில் அவர்களுக்கு இலை போடும் இடமும் வேறாக இருக்கிறது. பறை அடிப்பவரின் நிலை இன்னும் கடினம். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் கைதட்டினோம். நம் ஊர்ப் பறைக் கலைஞரை நாம் இன்னும் ஒருமையில்தான் அழைக்கிறோம்.

நற்செய்தியாளர் மத்தேயு தம் நூலை ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறார். வாசிக்கச் சலிப்பூட்டும் பகுதி என்று பலர் தாண்டிவிடுவர். அரசர்களின் பெயர்களோடு, எவரும் அறியாத தச்சர் குடும்பத்து முன்னோரின் பெயர்களும் அங்கே சமமாக நிற்கின்றன. மீட்பின் வரலாறு பெயர்களின் வழியே நடந்தது என்பது நம் விசுவாசம். ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றிற்குப் பதிவேடுகள் வைத்திருக்கும் திருச்சபைக்குப் பெயரின் மதிப்பை வேறெவரும் கற்பிக்கத் தேவையில்லை.

எனவே வாசகர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். பொன்விழா, நூற்றாண்டு விழா என்று நம் பங்குகள் விழா மலர் வெளியிடுகின்றன. ஆயர்களின் வாழ்த்துரை, பணியாற்றிய குருக்களின் பட்டியல், கோபுரத்திற்கும் மணிக்கும் நன்கொடை தந்தோரின் படங்கள் எல்லாம் அதில் இடம்பெறும். அடுத்த மலரில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பங்கின் தேருக்கு முன் கிளாரினெட் ஊதியவர், டிரம் அடித்தவர், பாஸ்குக்கு ஆர்மோனியம் வாசித்தவர், துக்க வீட்டில் பறை அடித்தவர் ஆகியோரின் பெயர், ஊர், கருவி மூன்றையும் எழுதுங்கள். நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தபால்காரரின் நடையும் அழகானதன்று. கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அடுத்த திருவிழாவுக்கு முன் அவர்களிடம் சென்று அமர்வது நலம்.