ராஜா வீட்டுக்கு பாக் வந்தார்

முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை ஒரே கதையாக ஓடும் ஆல்பம் என்றால் எனக்கு உயிர். ட்ரீம் தியேட்டரின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999), ஸ்டீவன் வில்சனின் 'ஹேண்ட். கேனாட். இரேஸ்.' (2015) இரண்டையும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தபடி எத்தனையோ மாலைகள் கேட்டிருக்கிறேன். அந்த ப்ராக்ரெசிவ் ராக் பித்து ஏறிய காதோடுதான் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' பக்கம் போனேன். அப்பப்பா! என் முதலிடம் இப்போது அதற்குத்தான்.

1986இல் வந்தது. பாடல் வரியே கிடையாது. கதை சொல்வதெல்லாம் வி.எஸ். நரசிம்மனின் வயலின். கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசை மேதை பாக்குக்கும் ராஜா செலுத்திய காணிக்கை இது. பாக் மறைந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். லைப்சிக் எங்கே, திருவையாறு எங்கே! சந்தித்திருக்கவே முடியாத இருவரை ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிடுகிறார் மனிதர்.

'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா', 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', 'அண்ட் வி ஹேட் எ டாக்'. வரவேற்பு, சந்திப்பு, பேச்சு. இந்த மூன்றுக்காகவே நான் பைத்தியமாகத் திரிகிறேன். நடுவில் இருப்பது பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை. துணையே இல்லாத ஒற்றை வயலினுக்கென்று 1720வாக்கில் எழுதியது. அதைச் சுற்றி ராஜா தன் எதிர்மெட்டுகளைப் பின்னும்போது, பழகிய வீட்டில் இதுவரை பார்க்காத அறைகள் திறக்கின்றன. அடுத்த தடத்தில் பேச்சு தொடங்குகிறது. விரல் கமகமாக வழுக்கினால் தஞ்சாவூர், ஸ்வரம் அசையாமல் நின்றால் ஐரோப்பா. கருவி என்னவோ அதே வயலின்தான்!

யார் பெரியவர் என்று நாம் வாயெடுப்பதற்குள் அடுத்த தலைப்பு வந்துவிடுகிறது: 'டோன்ட் கம்பேர்'.

பாலுமகேந்திரா இந்த இசையை 'வீடு' படத்தில் அவ்வளவு அழகாகப் பயன்படுத்தினார். ஆனால் அங்கே கேட்டது துண்டுகளைத்தான். செயலிகளோ வரிசையைக் கலைத்துப்போடுகின்றன. தயவுசெய்து பத்துத் தடங்களையும் அடுக்கிய வரிசையிலேயே, தாவாமல் கேளுங்கள்.

எனக்கொரு பேராசை உண்டு. ஜூன் 21, ஃபெத் த லா மியூசிக் என்னும் இசை விழா அன்று நம்ம புதுச்சேரித் தெருவெல்லாம் இசைதானே? யாராவது நான்கு வயலின்காரர்கள் அந்த மூன்றையும் வரிசை மாறாமல் வாசிக்கட்டும். முதல் வரிசையில் நான் நிற்பேன்!