‘ஸ்ரார் வோர்ஸ்’: மூலமும் திருத்தமும்

தாம் எழுதிய நூலின் முதற்பதிப்பை அதன் ஆசிரியரே விற்பனையினின்றும் விலக்குகிறார். கோத்த அச்செழுத்துக்களையும் கலைத்துவிடுகிறார். இருபதாண்டுகளின் பின் தாம் திருத்திய பதிப்பைக் காட்டி, “இதுவே நூல்; முன்னையது வெறும் வரைவு” என்கிறார். இவ்வாறு நிகழுமாயின் இலக்கிய உலகம் என்ன செய்யும்? முதற்பதிப்பின் பிரதியொன்றை எவரேனும் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பர், ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்புநோக்குவர், சர்ச்சை நடக்கும். நூலுக்கு இப்பாதுகாப்பு உண்டு. ஆயிரம் கைகளிற் பரந்துகிடப்பதால் அதனை அழித்தல் எளிதன்று. ஆனால் திரைப்படத்தின் நிலை வேறு. மூலச் சுருள் ஒன்றே. அது இருப்பதோ உரிமையாளரின் பூட்டிய அறையில்.

அமெரிக்க நெறியாளர் ஜோர்ஜ் லூக்காஸின் ‘ஸ்ரார் வோர்ஸ்’ என்ற படத்திற்கு நேர்ந்ததை இந்த நோக்கிலேயே பார்க்கவேண்டும். 1977 மே 25இல் வெளிவந்த அப்படம் உலகெங்கும் பெற்ற வரவேற்பைக் கூறத் தேவையில்லை. அதனைச் சினிமாக் கலையின் சிகரமென்று நான் கருதவில்லை. அனாதைச் சிறுவன், சிறைப்பட்ட இளவரசி, முதிய குரு, கரிய கவசமணிந்த கொடியவன் என்னும் பழைய மாயக்கதையை விண்வெளியிலே நிகழ்த்திக் காட்டிய படம் அது. எனினும் ஒரு காலத்து மக்களின் கனவுகளை உருவாக்கிய படைப்பு என்பதில் ஐயமில்லை. அத்தகைய படைப்பு, சிறந்ததோ அல்லதோ, வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது.

1997 ஜனவரி 31இல் இப்படம் ‘விசேட பதிப்பு’ என்ற பெயரிலே மீண்டும் திரையிடப்பட்டது. அதற்காக மூல நெகட்டிவே பிரித்துத் துப்புரவாக்கப்பட்டது. கணினியால் ஆக்கிய புதிய காட்சித் துண்டுகள் அதனுள் ஒட்டப்பட்டன. 2004ஆம் ஆண்டு டி.வி.டி.யிலும், 2011ஆம் ஆண்டு புளூ-ரேயிலும், 2019இல் டிஸ்னி நிறுவனத்தின் இணையத் திரைச்சேவையிலும் மேலும் திருத்தங்கள் புகுந்தன. என் தலைமுறையினர் பெரும்பாலும் முதலிற் கண்டது இத்திருத்திய வடிவங்களுள் ஒன்றையே. நாம் கண்டது திருத்தியது என்பதுகூட நமக்குத் தெரியாது.

திருத்தங்கள் படத்தைச் செம்மைப்படுத்தினவா? ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். கடத்தற்காரனான ஹான் சோலோவை மதுக்கடையொன்றிலே கிரீடோ என்னும் கூலிக்கொலைஞன் துப்பாக்கி முனையில் மடக்குகிறான். 1977ஆம் ஆண்டு வடிவத்தில் ஹான் பேச்சுக்கொடுத்தபடியே மேசைக்கடியில் தன் துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறான். கடைக்காரனிடம் நாணயமொன்றை வீசிவிட்டு நடக்கிறான். சில நிமிடங்களிலே பாத்திரம் முழுமையாக நம்முன் நிற்கிறது: தன் உயிரையும் தன் பணத்தையும் தவிர வேறெதையும் எண்ணாதவன். இத்தகையவன் இறுதியிலே நண்பருக்காகத் திரும்பி வருகிறான் என்பதிலேதான் கதையின் ஒழுக்கப் பெறுமானம் தங்கியிருக்கிறது. 1997இல் கிரீடோ முதலிற் சுட்டுக் குறிதவறுவதாகவும் ஹான் தற்காப்புக்காகத் திருப்பிச் சுடுவதாகவும் மாற்றினர். 2004இல் இரு சூடும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்கின்றன. 2019இல் கிரீடோ சுடுமுன் புதிதாக ஒரு சொல்லையும் உச்சரிக்கிறான். முதலிலேயே நல்லவனாக்கப்பட்டவன் பின்னர் நல்லவனாக மாறுவதெங்ஙனம்? கதாநாயகனின் கையிலுள்ள கறையைக் கழுவப்போய்ப் பாத்திரத்தின் வளர்ச்சியையே கழுவிவிட்டனர்.

ஜபா என்னும் கள்ளக்கடத்தல் தலைவன் தோன்றும் காட்சியும் இத்தகையதே. படப்பிடிப்பிலே ஒரு நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட அக்காட்சி 1977இலே வெட்டப்பட்டது. நல்ல வெட்டு அது. முகம் தெரியாதவரையில் ஜபா அச்சந்தரும் ஒரு பெயராக இருந்தான். 1997இல் அந்நடிகரின் இடத்திலே கணினிப் பூதமொன்றை வைத்துக் காட்சியை மீண்டும் நுழைத்தனர். ஹான் அதன் வாலை மிதித்து நடக்கிறான். கிரீடோ சற்றுமுன் கூறிய செய்தியையே ஜபா மீளவும் கூறுகிறான். அச்சம் போய்ச் சிரிப்பு மிஞ்சுகிறது. ஏட்டிலக்கியம் கற்றோர் இதற்கு இடைச்செருகல் என்று பெயரிடுவர்.

பாடபேதம் பற்றி உயர்தர வகுப்பிற் கற்பிக்கும்போது மாணவர் கேட்பதுண்டு: “ஆசிரியர் கடைசியாக எழுதியதுதானே சரி, சேர்?” கேள்வி நியாயமானது. படைப்பாளிக்குத் தன் படைப்பைத் திருத்தும் உரிமை உண்டு. அதனை மறுப்பவன் நானல்லன். ஆனால் திருத்தும் உரிமை வேறு, முன்னையதை மறைக்கும் உரிமை வேறு. 2004இல் லூக்காஸ் பேட்டியொன்றிலே, தம்மைப் பொறுத்தவரை பழைய வடிவம் இனி இல்லையென்றும், மக்கள் விரும்பியது அரைகுறையாக முடிந்த படத்தையே என்றும் கருத்துப்படக் கூறினார். விந்தை யாதெனில், இதே லூக்காஸ் 1988இல் அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றிப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முதலாளிமார் நிறமூட்டுவதைக் கண்டித்தவர். கலைப்படைப்பைச் சிதைத்தல் காட்டுமிராண்டித்தனம், அது மக்களின் பண்பாட்டுச் சொத்து என்று அன்று வாதாடினார். அச்சாட்சியத்தின் வலிமை இன்றும் குன்றவில்லை. சாட்சி சொன்னவர்தான் மாறிவிட்டார். 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற்கு முதன்முதலாகத் தெரியப்பட்ட 25 படங்களுள் ‘ஸ்ரார் வோர்ஸ்’ படமும் ஒன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அன்று தெரிவானது 1997ஆம் ஆண்டுப் படமன்று.

படைப்பாளியின் உரிமை என்று பேசும்போது படைப்பாளி யார் என்ற வினாவையும் எழுப்பவேண்டும். திரைப்படம் தனியொருவர் ஆக்கமன்று. இப்படத்தின் விண்கலங்கள், கலிபோர்னியாவிலுள்ள வன் நைஸ் என்னுமிடத்துப் பண்டகசாலையொன்றிலே பெரும்பாலும் இளைஞரான தொழிலாளர் ஆக்கிய சிறு மாதிரிகள். கடையிலே வாங்கிய விளையாட்டு விமானங்களினதும் தாங்கிகளினதும் துண்டுகளை ஒட்டி அவற்றுக்கு நுணுக்கம் சேர்த்தனர். ஒரே அசைவைப் பிசகாமல் மீண்டும் மீண்டும் நிகழ்த்தவல்ல கமெராப் பொறியொன்றையும் தாமே உருவாக்கினர். கண்ணாடியிலே தீட்டிய ஓவியங்களை உயிருள்ள நடிகரோடு இணைத்தனர். 1978இல் வழங்கப்பட்ட ஒஸ்கார் பரிசுகளில், காட்சிவித்தைக்கான பரிசு ஜோன் டைக்ஸ்ட்ரா முதலிய ஐவருக்கும் படத்தொகுப்புக்கான பரிசு மார்சியா லூக்காஸ் உட்பட மூவருக்கும் கிடைத்தன. பரிசு பெற்ற அவ்வேலையின் ஒரு பகுதியையே பின்வந்த திருத்தம் துடைத்தது. இறுதிப் போரில் மாதிரிக் கலங்கள் பறந்த பல காட்சிகளிலே இன்று கணினிக் கலங்கள் பறக்கின்றன. உழைத்தவர்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை, சட்டப்படி கேட்கவேண்டியதுமில்லை. முதலாளித்துவ உற்பத்தி முறையிலே பொருள் உழைத்தவனுடையதன்று என்ற உண்மை கலைக்கும் பொருந்துகிறது. 2012இல் நிறுவனம் முழுவதும் ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு டிஸ்னிக்குக் கைமாறியபோது, படைப்பாளியின் உரிமை என்ற வாதமும் பொருளற்றதாயிற்று. அதன் பின்பும் மூலவடிவம் நெடுநாள் பூட்டியே கிடந்தது.

மூலவடிவம் அறவே கிடைக்கவில்லை என்பதும் சரியன்று. 2006இல் அது டி.வி.டி.யின் இரண்டாம் தட்டிலே இலவச இணைப்பாகத் தரப்பட்டது. 1993இல் லேசர் தட்டுக்காகச் செய்த பழைய பிரதியை அப்படியே எடுத்து, மங்கலாக, சிறு சட்டத்துள் அடக்கிக் கொடுத்தனர். கேட்டதற்குக் கொடுத்தோம் என்று சொல்வதற்காகக் கொடுத்தது அது.

இந்நிலையிலேதான் இரசிகர் சிலர் தாமே முயன்றனர். செக் குடியரசைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2010ஐ அடுத்த ஆண்டுகளிலே தொடங்கிய முயற்சி ஒருவகை. விசேடம் நீக்கிய பதிப்பு என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். தெளிவான புளூ-ரேப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு, திருத்திய இடங்களிலெல்லாம் 2006ஆம் ஆண்டுத் தட்டிலிருந்தும், தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தும், பழைய படச்சுருட் சட்டங்களிலிருந்தும், ஓவியங்களின் நிழற்படங்களிலிருந்தும் எடுத்து ஒட்டி மூலத்தை மீளக் கட்டினார். இரண்டு மணி நேரப் படமென்றால் ஏறத்தாழ 1,74,000 சட்டங்கள். ஊதியமில்லை; சட்டத்தின் ஒப்புதலுமில்லை. உரிய பிரதியை விலைக்கு வாங்கியோர் மட்டுமே பார்க்கவேண்டும் என்ற வேண்டுகோளோடே அது வெளிவந்தது.

மற்றொரு குழுவினர் வேறுவழி சென்றனர். 1977இல் கொட்டகைகளிலே ஓடிய 35 மி.மீ. பிரதிகளைத் தேடிப் பெற்று, சட்டஞ்சட்டமாக எண்ணியப் படியெடுத்தனர். ஈஸ்ட்மன் நிறச் சுருள்கள் காலப்போக்கில் மங்கிச் சிவப்பேறுபவை. டெக்னிக்கலர் முறையில் சாயம் பதித்த பிரதிகளோ நிறம் மாறாதவை. 2018இல் வெளிவந்த ‘4கே77’ என்னும் இவர்களது பதிப்பிலே 97 வீதமான பகுதி தனியொரு டெக்னிக்கலர் பிரதியிலிருந்து பெறப்பட்டதாகும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? கண்ணுக்கு இனியது முதலாவதே. ஆனால் அது எந்தக் கொட்டகையிலும் ஓடாத படம். பல சுவடிகளிலிருந்து நல்ல பாடங்களைப் பொறுக்கி, சிதைந்த இடத்தைத் தம் மதியால் நிரப்பி, எந்தச் சுவடியிலும் இல்லாத ஒரு நூலைத் தரும் பதிப்பாசிரியரைப் போன்றவர் அவ்விளைஞர். அவர் உழைப்பைப் போற்றுகிறேன்; அவர் தந்ததைச் சான்றாகக் கொள்ளத் தயங்குகிறேன். இரண்டாவதிலே கீறலும் தூசும் நிறத்தடுமாற்றமும் உண்டு. ஒரு நாள் ஒரு கொட்டகையில் மக்கள் கண்டதற்கு மிக அண்மையிலுள்ளது அதுவே. பாலைவனத்தில் மிதந்து செல்லும் ஊர்தியின் சக்கரங்களை மறைக்க, 1977இலே கமெரா வில்லையிற் களிம்பு பூசினர். அதனால் ஊர்திக்கடியிலே மங்கிய செம்மஞ்சட் கறையொன்று தெரியும். விசேட பதிப்பு அதனைத் துடைத்தது. மீட்டவர்கள் அதனை அக்கறையோடு காத்தனர். இக்கறையைப் பார்க்கும்போது வில்லையிற் களிம்பு தடவிய விரல் என் கண்முன் நிற்கிறது.

எனினும் ‘மூலம்’ என்ற சொல்லை இரசிகர் வழங்கும் முறையிலே எனக்கு உடன்பாடில்லை. 1977இலேயே அப்படத்துக்கு 70 மி.மீ. பிரதிக்கும், 35 மி.மீ. ஸ்ரீரியோப் பிரதிக்கும், மொனோப் பிரதிக்குமாக மூவேறு ஒலிக்கலவைகள் இருந்தன. சில உரையாடல்கள்கூட வேறுபட்டன. ‘நான்காம் அத்தியாயம்’ என்ற தலைப்பு 1981இலேயே சேர்ந்தது. எனவே ஒரே மூலம் என்பது கற்பனை. பலர் தேடுவது, உண்மையிலே, தம் பிள்ளைப் பருவத்தைத்தான். அத்தேடலிலே பக்தியும் கலந்துவிடுகிறது. லூக்காஸைத் துரோகியென ஏசுவோரும் உளர். தம் பிள்ளைப் பருவத்துக்குப் பங்கம் வந்ததென்பது கலைவிமர்சனமாகாது. இத்தனை ஆற்றலும் உலகத்திலேயே மிகுந்த பணம் திரட்டிய படங்களுள் ஒன்றுக்குச் செலவாகிறதே, நிறுவனத் துணையற்ற வறிய நாடுகளின் படச்சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துக் கிடக்கின்றனவே என்ற வருத்தமும் எனக்குண்டு. ஆனால் வழி காட்டியவர்கள் இவ்விரசிகர்களே. தனியாட்கள் சிலர் பழைய பிரதியொன்றையும் படியெடுக்கும் பொறியொன்றையும் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அவர்களே நிறுவினர்.

2025 ஜூன் 12ஆம் நாள் இலண்டனிலே, பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தன் காப்பகத்திற் குளிரூட்டிப் பேணிய 1977ஆம் ஆண்டு டெக்னிக்கலர் பிரதியைப் பொதுமக்களுக்குத் திரையிட்டது. அதே ஆண்டிலே உரிமையாளரும், படத்தின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 1977ஆம் ஆண்டுத் திரைவடிவத்தைப் புதுப்பித்து 2027இல் கொட்டகைகளுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தனர். மனமாற்றமா, வாணிபமா என்று ஆராய்வதில் பயனில்லை; இரசிகர் பல்லாண்டு விடாது கேட்டிராவிடில் அந்த வாணிபத்துக்கும் சந்தை இருந்திராது. புதுப்பித்தல் என்ற சொல்லுக்கு அவர்கள் எவ்வளவு பொருள் கொள்கின்றனர் என்பதே வினா. அப்படத்தைக் காண வாய்த்தால், கிரீடோ சுடுகிறானா என்று பார்க்குமுன், பாலைவனத்திலே அவ்வூர்திக்கடியில் அந்தச் செம்மஞ்சட் கறை இருக்கிறதா என்றே நான் பார்ப்பேன்.