ஆன்டிபாடி ஆளைக் காட்டுமா, கும்பலைக் காட்டுமா?

பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். சரி, ஒருத்தர் உடம்புக்குள் அது எவ்வளவு போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரையே கேட்கலாம். ஆனால் எந்தக் கடலையில் பூஞ்சை இருந்தது என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

உடம்பையே கேட்டுவிடலாம் என்று கிளம்பியவர்கள்தான் ஆன்டிபாடியைப் பிடித்தார்கள். புற்றுநோய் ரசாயனங்கள் பல, டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டலுக்கு அடக்ட் என்று பெயர். அதை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியை விலங்குகளின் உடலில் உருவாக்கி எடுக்கலாம். மிரியம் பாய்ரியர் குழு 1977இல் நேச்சர் இதழில் இதைக் காட்டியது.

இங்கேதான் ஒரு சிக்கல். புகையிலும் தாரிலும் இருக்கும் பென்சோபைரீனின் அடக்ட்டுக்காகச் செய்த ஆன்டிபாடி, அதே குடும்பத்து மற்ற ரசாயனங்களின் அடக்ட்டையும் பிடித்தது. நம்ம பாஷையில் சொன்னால், ரொம்பத் தளர்வாக எழுதிய ரெகெக்ஸ். பிற்பாடு ஆய்வாளர்களே பென்சோபைரீன் என்று தனியாகச் சொல்லாமல், குடும்பப் பெயரைப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அது நேர்மை. ஆனால் ‘எந்த ரசாயனம் குற்றவாளி?’ என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

ஷாங்காய் ஆய்வு எனக்குப் பிடித்தது இதனால்தான். 18,244 ஆண்களிடம் முன்கூட்டியே சிறுநீர் வாங்கி வைத்து, பிறகு யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வருகிறது என்று பார்த்தார்கள். அங்கே ஆன்டிபாடி தீர்ப்பு சொல்லவில்லை. சல்லடை வேலை மட்டும் பார்த்தது. அது பிடித்துக் கொடுத்ததைக் குரோமட்டோகிராபி கருவி தனித்தனியாகப் பிரித்து இன்னதென்று சொன்னது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு எழுதிய கணக்கில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சிறுநீரில் தெரிந்தது.

1994இல் வந்த முடிவுதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது: ஹெபடைடிஸ் பி, அஃப்லாடாக்சின் தடயம் இரண்டும் இருந்தால், இரண்டும் இல்லாதவரைவிட 59.4 மடங்கு ஆபத்து. பயங்கரமான எண்தான். ஆனால் அது வெறும் 50 நோயாளிகளை வைத்து வந்தது. 95% நம்பக எல்லை ஏறத்தாழ 17 முதல் 212 வரை நீள்கிறது. திசையை நம்பலாம், தசமப் புள்ளியை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. சிறுநீரில் வரும் அடக்ட், டிஎன்ஏவிலிருந்து ஏற்கெனவே கழன்று வந்தது. சமீபத்தில் சாப்பிட்டதைத்தான் அது சொல்லும், தலையெழுத்தைச் சொல்லாது. ‘டிஎன்ஏ சேதம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பைப் பார்த்தால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்க: ஆன்டிபாடி பிடித்ததை வேறொரு முறையில் சரிபார்த்தார்களா? எத்தனை பேரை வைத்துச் சொல்கிறார்கள்?