பன்யனின் பயணியும் இறுதிவரை நிலைத்திருத்தலும்

இறுதிபரியந்தம் நிலைநிற்றலைக் குறித்து நம் திருச்சபைகளில் இருவகையாகப் பேசப்படுகின்றது. அடக்க ஆராதனையில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரம் வாசிக்கப்பட்டு, மரித்தவர் எவராயினும் ஓட்டத்தை முடித்தவராகவே எண்ணப்படுகின்றார். எழுப்புதல் கூட்டத்திலோ எபிரெயர் ஆறாம் அதிகாரம் எடுக்கப்பட்டு, ஒருமுறை விழுந்தவனுக்குத் திரும்பும் வழி அடைபட்டது என்னும் அச்சம் கேட்போர் நெஞ்சில் விதைக்கப்படுகின்றது. இவ்விரண்டு பேச்சுக்கும் துணைக்கு அழைக்கப்படும் நூல் பலவேளைகளில் ஒன்றே. ஜாண் பன்யன் 1678-இல் வெளியிட்டதும், 'மோட்ச பிரயாணம்' என்ற பெயரால் தமிழ்ச் சபையார் அறிந்ததுமான உருவக நூலே அது. இந்நூல் மெய்யாகவே யாது கூறுகின்றது என்பதை ஆராய்வது ஆயர் பணிக்கு ஆயத்தமாகின்றவர்களுக்குப் பயனுள்ளதாகும் எனக் கருதுகின்றோம். (பாத்திரப் பெயர்களைப் பொருள் விளங்குமாறு நாமே தமிழில் தந்துள்ளோம்; அச்சிலுள்ள மொழிபெயர்ப்புகளில் சில வேறுபடலாம்.)

நூலாசிரியர் இப்பொருளைப்பற்றி எழுதத் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்ற குற்றத்துக்காக 1660-இல் சிறைப்பட்ட பன்யன், இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பார்வையற்ற மகள் ஒருத்தியை வெளியே விட்டுவிட்டு, பெட்போர்டு சிறையில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் இருந்தார். எனினும் நம் பிரசங்கிகள் செய்வதுபோல இச்சிறைவாசத்தை மட்டும் கொண்டு நூலை விளக்குதல் போதாது. அவரைச் சிதைத்தது சிறையன்று. அதற்கு முன்னரே, கிறிஸ்துவை விற்றுவிடு என்று இடைவிடாது உள்ளத்தில் ஒலித்த ஒரு குரலுக்குத் தாம் இணங்கிவிட்டதாக எண்ணி, ஏசாவைப்போல மனம்மாறுதலுக்கு இடங்காணாதவனானேன் என்று அவர் நெடுங்காலம் தத்தளித்தார். இதனை 1666-இல் வெளிவந்த தம் ஆத்தும சரிதையில் விரிவாக எழுதியுள்ளார். எனவே, விழுந்துபோவேனோ என்ற கேள்வி அவருக்குப் பாடசாலைத் தர்க்கமாக இருந்ததில்லை.

இப்பின்னணியோடு நூலைத் திறந்தால், முதலில் வியாக்கியானியின் வீட்டுக் காட்சிகள் நம்மை நிறுத்துகின்றன. ஒரு சுவரோரம் நெருப்பு எரிகின்றது. ஒருவன் ஓயாமல் தண்ணீர் ஊற்றுகின்றான். நெருப்போ மேலும் ஓங்குகின்றது. காரணம் புரியாமல் திகைக்கும் பயணியைச் சுவரின் பின்புறம் அழைத்துச் செல்கின்றார்கள். அங்கே ஒருவர் மறைவாக நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கின்றார். அவர் கிறிஸ்து என்று விளக்கம் தரப்படுகின்றது. நிலைநிற்றலைப்பற்றிப் பன்யன் எழுதியவற்றுள் இதனினும் ஆழமானது வேறில்லை என்போம். நெருப்புக்குத் தன்னைக் காப்பவர் தெரிவதில்லை. முன்னால் நிற்பவன் காண்பதெல்லாம் தண்ணீர் ஊற்றுபவனை மட்டுமே. சோதனைக் காலத்தில் விசுவாசியின் அனுபவமும் இதுதான் அன்றோ?

ஆனால் அதே வீட்டில், சிறிது தூரத்தில், இருப்புக் கூண்டுக்குள் ஒரு மனிதன் அமர்ந்திருக்கின்றான். ஒருகாலத்தில் பிறரும் மதித்த விசுவாசி. விழித்திருப்பதை விட்டான், இச்சைகளின் போக்கில் சென்றான், இப்போது மனந்திரும்பவும் தன்னால் இயலாது என்கின்றான். அவனுக்கு மீட்புண்டா என்ற கேள்விக்கு நூலில் விடை இல்லை. வியாக்கியானி அவனைத் தேற்றவுமில்லை, மறுத்துரைக்கவுமில்லை. இவனை நினைவில் வைத்துக்கொள் என்று பயணியிடம் சொல்லி நகர்ந்துவிடுகின்றார். இவன் தொடக்கத்திலேயே மெய்விசுவாசி அல்லன் என்று கால்வினிய உரையாசிரியர் கூறலாம். கிருபையை இழந்தவன் என்று வெஸ்லியின் வழிவந்தோர் கூறலாம். காட்சி இரு சாராருக்கும் இடங்கொடுக்கவில்லை. எச்சரிக்கை என்ற அளவில் இது வலிமையுடையது. ஆயினும் இதன் கடுமையை நாம் மறைக்கலாகாது. இதே கூண்டில் அமர்ந்திருந்து வெளியே வந்த பன்யன், தம் பாத்திரத்துக்கு அவ்வாசலைத் திறந்துவிடவில்லை. பிரசங்க பீடத்தில் தூங்குவோரை எழுப்ப இக்காட்சி உதவலாம். மனக்கலக்கத்தால் வருந்தும் ஓர் ஆத்துமாவின் படுக்கையருகே இதனை எடுத்துச் செல்லும் ஆயர் தீங்கு செய்கின்றார். அங்குக் கொண்டுசெல்லத்தக்கது அந்த ஆத்தும சரிதையே.

இந்நூலை ஒரு வீரனின் வெற்றிப்பயணமாக வாசிப்பது பரவலான வழக்கம். அப்பொல்லியோனோடு நடந்த போர் ஞாயிறு பள்ளிப் படங்களில் பெரிதாக வரையப்படுவதும் இதற்குக் காரணமாயிருக்கலாம். நூலோ வேறு திசையில் செல்கின்றது. கிறிஸ்தியான் கஷ்டகிரியின் பாதிவழியில் நிழற்குடிலில் உறங்கித் தன் சான்றுச் சுருளைத் தவறவிடுகின்றான். ஒருமுறை நடந்த வழியை மூன்றுமுறை நடக்கின்றான். பாதை கரடுமுரடானது என்று புல்வழி திரும்பி, சந்தேகக் கோட்டையில் புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் ஒளியுமின்றிக் கிடக்கின்றான். இத்தனைக்கும் விடுவிக்கும் திறவுகோல் அந்நாள்களெல்லாம் அவன் மார்பிலேயே இருந்தது. அதன் பெயர் வாக்குத்தத்தம். இவ்வளவு தவறியவன் வாசலைச் சேர்ந்தானே என்பதுதான் கதையின் வியப்பு.

மேலும், ஆபத்துகளின் வரிசையைக் கவனிக்கவேண்டும். சிங்கங்களும் அரக்கரும் முடிந்தபின், நகரம் அண்மிக்கும் வேளையில் மயக்கநிலம் வருகின்றது. அங்கே அடிப்பவர் எவருமில்லை. காற்றே தூக்கம் தருகின்றது. நீண்டநாள் ஊழியத்தின் முடிவில் வரும் சோர்வை அறிந்த போதகர்கள் இதன் உண்மையை உணர்வார்கள். அங்குப் பயணிகள் இருவரும் விழித்திருப்பதற்குக் கையாளும் வழி உரையாடலே. தேவன் தங்களை எங்ஙனம் சந்தித்தார் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நடக்கின்றார்கள். இறுதியில் ஆற்றில் இறங்கியபோது அமிழத் தொடங்குபவன் கிறிஸ்தியானே; பயணத்தின் இடையில் வந்து சேர்ந்த திடநம்பிக்கை என்னும் இளையவன்தான் அவன் தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். மறதிநோயினால் ஜெபத்தின் சொற்களையும் இழந்துவிட்ட முதியோரைச் சந்திக்கச் செல்லும் இறையியல் மாணவர், அவர்களுக்காக விசுவாசப் பிரமாணத்தை யார் சொல்வது என்று கேட்பதுண்டு. அருகில் நிற்பவரே சொல்லவேண்டும் என்பதற்கு இந்த ஆற்றங்கரைக் காட்சி போதிய ஆதாரமாகும்.

அறிவீனனின் முடிவைக் குறித்தும் ஒரு சொல். அவன் ஆற்றை எளிதாகக் கடக்கின்றான். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் கொண்டுவந்து விடுகின்றான். வாசலில் சான்று கேட்கப்படும்போது மடியைத் தடவித் திகைக்கின்றான். கட்டுண்டு மலைப்பக்கத்துக் கதவு வழியே எறியப்படுகின்றான். இதனைக் கடைசி அடியில் தவறியவனின் கதையாகச் சொல்லி மக்களை நடுங்கச் செய்வது சரியான விளக்கமன்று. அவன் இடுக்கமான வாசல் வழியே வந்தவனல்லன்; சிலுவையருகே சுமை இறக்கியவனுமல்லன். தன் நற்செய்கைகளை நம்பிக் குறுக்குவழியால் நுழைந்தவன். மாறாக, வழிப்பறிக்கு ஆளான சிறுவிசுவாசியைப் பாருங்கள். பணமெல்லாம் பறிபோய்ப் பிச்சையெடுத்து நடந்தபோதும், கள்வர் கையில் அவன் ஆபரணங்களும் சான்றும் அகப்படவில்லை. அமைதியான மரணம் மீட்பின் அடையாளமன்று, கலங்கிய மரணம் கேட்டின் அடையாளமன்று என்பதைப் பன்யன் இத்தனை தெளிவாக எழுதியிருக்க, நம் அடக்கப் பிரசங்கங்கள் இன்னமும் கடைசி மணி நேரத்தின் முகச்சாயலைக்கொண்டு தீர்ப்புக் கூறுவது வருந்தத்தக்கது.

கோட்பாட்டு வரலாற்றில் ஒரு செய்தி இங்கு நினைக்கத்தக்கது. 1618-19-இல் கூடிய தோர்ட் சங்கம், பரிசுத்தவான்கள் இறுதிவரை காக்கப்படுவர் என்பதைத் தன் ஐந்தாம் தலைப்பில் அறிக்கையிட்டது. பன்யன் நின்ற பக்கம் அதுவே. ஜாண் வெஸ்லி அதனை மறுத்து 1751-இல் தனி நூல் எழுதினார். ஆயினும் அவ் வெஸ்லியே 1743-இல் பன்யனின் நூலைச் சுருக்கித் தம் மக்களுக்காக அச்சிட்டார். 1947-இல் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபையில் இவ்விரு மரபினரும் ஒரே பந்தியில் அமர்கின்றோம். கோட்பாட்டில் பிரிந்தவர்கள் ஒரு கதையில் கூடியிருக்க முடிந்தது எவ்வாறு? கதை, காக்கப்படுதலையும் விழித்திருத்தலையும் ஒரே மனிதனின் நடையில் காட்டியது. எது எங்கே முடிகின்றது என்று கோடு கிழிக்கவில்லை.

தமிழில் இக்கதையைப் பெருங்காப்பியமாக்கிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) செய்த மாற்றம் ஒன்றனைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாக வெளிவந்தது. பன்யனில் சிலுவை ஒரு மேட்டின்மேல் சில வரிகளில் வந்து போகின்றது. சுமை விழுகின்றது, பயணி குதித்து நடக்கின்றான். கிருஷ்ண பிள்ளையோ ஆண்டவரின் பாடுகளை விரிவாகப் பாடிக் காப்பியத்துக்குள் அமைத்தார். வைணவ பக்தி மரபில் வளர்ந்தவருக்கு இது இயல்பாக வந்திருக்கலாம். இறையியல் நோக்கில் அது பன்யனைத் திருத்துவதுமாகும். பன்யனின் பயணி மார்பிலுள்ள சுருளைத் தொட்டுப் பார்த்துத் தேறுகின்றான். தமிழ்க் காப்பியத்தில் பயணத்தின் அடிப்படையாகப் பாடுபட்டவரின் வரலாறே நிற்கின்றது. தன் நிலைமையைச் சோதித்துப் பார்ப்பதனால் வரும் உறுதிக்கும், அவரை நோக்குவதனால் வரும் உறுதிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. எபிரெயர் பன்னிரண்டாம் அதிகாரம் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம் கண்களை எங்கே திருப்புகின்றது என்பதையும் மாணவர் இங்கு ஒப்பிட்டுக் காணலாம்.

நம் வாசிப்பு பெரும்பாலும் முதற்பாகத்தோடு நின்றுவிடுகின்றது. 1684-இல் பன்யன் வெளியிட்ட இரண்டாம் பாகம் கலையழகில் குறைந்தது என்போர் உண்டு. ஆயர் பணிக்கு அதுவே மேலானது என்பது நம் கருத்து. முதற்பாகத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனின் மனைவியும் பிள்ளைகளும் இதில் நடக்கின்றார்கள். அவர்களோடு பலவீனர் பலர் கூட்டமாகச் செல்கின்றனர். அவநம்பிக்கை உளை ஓரத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கிடந்த அச்சமுடையோன் ஆற்றை அடைந்தபோது, தண்ணீர் என்றுமில்லாத அளவு வற்றியிருந்தது. அவன் பாதம் நனையும் அளவிலேயே கடந்து போனான். ஊன்றுகோல்களோடு வழிமுழுவதும் நடந்த முடவன், அக்கரையில் தனக்குத் தேரும் குதிரைகளும் காத்திருக்க இவை இனி வேண்டாம் என்று கரையிலேயே விட்டுச் செல்கின்றான். அதற்குமுன் அவன் எழுதிவைத்த உயிலில் வேறு சொத்தொன்றும் இல்லை. அவ்வூன்றுகோல்களைத் தன் மகனுக்கு வைத்து, அவன் தன்னைவிட நன்றாக நடக்கட்டும் என்று வாழ்த்துகின்றான்.